அரைப்பேர்

முப்பத்தொன்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவன் நான். விடியுமுன் பெரட்டுக்குப் போய் ஆள் எண்ணி, செக்ரோலில் பேர் போடுவது என் வேலை. தோட்டத்துக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தால் ஒரு பேர். பாதியில் போனால், நேரம் கழித்து வந்தால், அரைப்பேர். மாதக் கடைசியில் பேரை எண்ணித்தான் சம்பளம். கிராணியின் கணக்கில் பிசகே வராது என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் 2024 ஆகஸ்டு முதல் 2025 ஜனவரி வரை, ஐந்து மாதம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொய் எழுதினேன்.

பணப் பொய் இல்லை. ‘காலையில் இருபது நிமிடம் நடந்தேன். முன்பு மனநிலை 4, பிறகு 6’ என்கிற மாதிரிப் பொய். இதற்குப் போய் ஒரு வாக்குமூலமா என்று கேட்பீர்கள். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நான் இருப்பது பண்டார் தெங்காரா. கூலாய், கோத்தா திங்கி, குளுவாங் மூன்றுக்கும் இடையில், ஜொகூர் மாநிலத்தின் உள்பகுதியில் இருக்கிறது. 1972இல் அமைந்த தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் (கெஜோரா என்றால்தான் இங்கே யாருக்கும் புரியும்) காட்டை அழித்துச் செம்பனை நட்டபோது, அந்த வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கத் திட்டம் போட்டு எழுப்பிய ஊர்களில் இது ஒன்று. ஒரு கோயிலையோ ஆற்றையோ சுற்றித் தானாக வளர்ந்த ஊர் இல்லை. கோடு போட்ட காகிதத்தில் பிறந்த ஊர். கடைவரிசை, பள்ளிவாசல், திடல், தாமான் வீடுகள். அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் செம்பனை, நடுநடுவே ஃபெல்டா குடியேற்றங்கள். குலை ஏற்றிய லோரி போகும். ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் புளித்த வாடை வரும். நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகைகூடத் தள்ளி இல்லாத இடம் என்பதால் வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. மழைக்காலம் என்று ஒன்று உண்டு, மற்றபடி நேற்றும் இன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வேலை இருந்தவரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

2023 நவம்பரில் அறுபது முடிந்து ஓய்வு பெற்றேன். விருந்து வைத்து, சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்தார்கள். இனி மணி பார்க்க வேண்டாதவனுக்குக் கடிகாரம்! அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை நாலரைக்கு விழிப்பு வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. உடம்பு பெரட்டுக்குத் தயார், ஆனால் பெரட்டு இல்லை. படுத்தபடி போனை எடுத்துப் பூப்போட்ட ‘காலை வணக்கம்’ படங்களைப் பதினொரு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவேன். ‘இன்று புதிதாய்ப் பிறந்தோம்’ என்கிற தோரணையில் வாசகங்கள் இருக்கும். அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பேன். பத்து மணிக்கு எழுந்து பசியாறுவேன், அதுவும் மனைவி மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகு. முகம் மழிப்பது முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றானது, பிறகு வாரம் ஒரு தரம். எப்போதும் ஓடும் மின்னல் எஃப்எம்மை நிறுத்தச் சொன்னேன், பாட்டுச் சத்தம் தலைக்குள் இடிக்கிறது என்று. ஒரு நாள் சாம்பாரில் கரண்டி தவறி விழுந்ததற்காக அவளிடம் கத்தினேன். கரண்டியைத் தவறவிட்டவன் நான்தான்.

ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகள்தான் வற்புறுத்தி அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். ஒரு வெள்ளி கட்டிவிட்டு உட்கார்ந்தோம். ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உங்களைப் பற்றி நீங்களே கேவலமாக நினைத்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. கூட்டினால் அதிகபட்சம் 27. நான் கூட்டுத்தொகை குறைவாக வரும்படி பார்த்து நிரப்பினேன், மொத்தம் 3. முழுப் பூஜ்யம் போட்டால் நம்ப மாட்டார்கள் என்று கிராணி மூளை சொன்னது. பக்கத்தில் இருந்த மகள் தாளை வாங்கிப் பார்த்து, “அப்பா, யாருக்குப் பரீட்சை எழுதுறீங்க?” என்றாள். திருத்தி எழுதியபோது 14 வந்தது.

ஆலோசனை சொன்ன அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மலாய்க்காரப் பையன், தன்மையான பேச்சு. என்னைப் பாக்சிக் (மாமா) என்றுதான் கூப்பிட்டார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். இவர் ஒரு வேலை கொடுத்தார். தினமும் ஒரே ஒரு சின்னக் காரியம் செய்யவேண்டும், முன்பு பிடித்திருந்த ஏதாவது. செய்வதற்கு முன் மனநிலை பத்துக்கு எத்தனை, செய்தபின் எத்தனை என்று குறிக்கவேண்டும். மனம் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது, செய்துவிட்டு மனம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். “பெலான்-பெலான், பாக்சிக்” என்று, மெதுவாகச் செய்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

நான் வெளியே வந்து மகளிடம், “இதுக்குப் படிச்சுப் பட்டம் வேற வாங்கியிருக்கான்” என்றேன்.

இந்தச் சின்னக் காரிய வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன். 1970களில் அமெரிக்காவின் ஓரிகனில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் ஒரு வட்டத்தைக் காட்டினார். மனம் சோர்ந்தால் ஆள் காரியங்களைக் குறைத்துக்கொள்கிறான். காரியம் குறையக் குறைய, அவற்றிலிருந்து கிடைத்த சின்னச் சின்ன இன்பமும் நின்றுபோகிறது. அது நிற்க, சோர்வு இன்னும் கூடுகிறது. வட்டத்தை எங்காவது உடைக்க வேண்டும், செயலில் உடைப்பது எளிது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு, மனச்சோர்வுக்கான பேச்சு வைத்தியத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. எண்ணங்களைத் திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு இந்தச் செயல் பகுதியை மட்டும் கொடுத்தபோதும் முழு வைத்தியத்துக்குக் கிடைத்த அளவே பலன் கிடைத்தது. அதைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது கோவாவில் நடந்தது. விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்து நடத்திய ஆய்வு, 2017இல் லான்செட்டில் வந்தது. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி எடுத்துக்கொண்ட சாதாரண ஊர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்பு, சின்னச் சின்னச் செயல்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39.

நான் மட்டமாகப் பேசிய அந்தப் பையன் கொடுத்தது இதைத்தான். இந்த நாட்டிலும் நான் தனி ஆள் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மனச்சோர்வில் இருந்தவர்கள் நூற்றுக்கு 4.6 பேர், ஏறக்குறைய பத்து லட்சம். 2019இல் அது 2.3தான். இதெல்லாம் தெரிந்திருந்தாலும் நான் ஒழுங்காகச் செய்திருப்பேனா? செய்திருக்க மாட்டேன். என் கோளாறு தெரியாமையில் இல்லை.

முதல் நான்கு நாள் உண்மையாகவே நடந்தேன். வீட்டிலிருந்து திடல், திடலை ஒரு சுற்று, திரும்பி வீடு. ஐந்தாம் நாள் கால் எழவில்லை. ஆனால் நோட்டு மேசை மேல் இருக்கிறது, மனைவி பார்க்கிறாள். சட்டை மாட்டிக்கொண்டு, “திடலுக்குப் போய் நடக்கிறேன்” என்று சொல்லி, புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொண்டு போனேன். நடக்கப் போகிறவன் எதற்குக் காடி எடுக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. திடல் ஓரம் மரத்தடியில் நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எழுதினேன்: ‘20 நிமிடம். முன் 4, பின் 6.’

ஏன்? அந்தக் காரியத்தின் சிறுமைதான் என்னை அப்படி உறுத்தியது. ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்துக்கு வரவு செலவு எழுதியவனுக்கு, திடலைச் சுற்றி வா என்று வீட்டுப்பாடம். செய்ய முடியாத அளவுக்குப் பெரிய வேலையைக் கொடுத்திருந்தால் முடியவில்லை என்று மரியாதையோடு சொல்லியிருப்பேன். இருபது நிமிடம் நடக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

பொய்யில் தேர்ச்சி சீக்கிரம் வந்துவிட்டது. தோட்டத்தில் ஒரு தண்டல் தன் கூட்டத்தின் குலைக்கணக்கை மாதாமாதம் சீராக ஏற்றிக் காட்டினால் உடனே பிடித்துவிடுவேன். நிஜக் கணக்கு மேடும் பள்ளமுமாக இருக்கும், சமைத்த கணக்குத்தான் சீராக ஏறும். ஆகவே என் பொய்க்கணக்கில் நானே பள்ளங்கள் வைத்தேன். வாரத்தில் ஒரு நாள் ‘நடக்கவில்லை, சோம்பல்’ என்று எழுதுவேன். அந்த நாளில் மனநிலை 3. மறுநாள் 5. அதிகாரி பக்கங்களைப் புரட்டி, “பாக்சிக் ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க, செய்யாத நாளையும் குறிச்சிருக்கீங்க” என்று மலாயில் பாராட்டினார். அந்த மாதம் முழுக்க என் மனம் உண்மையாகவே லேசானது அந்த ஒரு நிமிடம்தான்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பழைய சிநேகிதர் ஒருவர், மனைவியை இழந்து ஒரு வருஷம் ஆனவர், போனில் குரல் கம்மிப் பேசினார். நான் அவருக்கு உபதேசம் செய்தேன். காலையில் வெளிச்சத்தைப் பாருங்கள், போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒரே கடையில் டீ குடிக்காமல் கடையை மாற்றிப் பாருங்கள், ஒரு சின்னக் காரியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நானே செய்கிறேன், எவ்வளவு வித்தியாசம் தெரியுமா. போனைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையிலிருந்துதான் இவ்வளவும் பேசினேன். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. தினமும் காலையில் பக்கத்துத் தெருவில் வேறொரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கிறாராம், அங்கே நாலு பேர் பழக்கமாகிவிட்டார்களாம். “உங்களாலதாங்க” என்று என் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது. எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

இன்னொரு மறைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை உறவினர் முன்னால் ‘பிரஷர் மாத்திரை’ என்றேன். இரத்த அழுத்தம் என்றால் வேலை செய்து களைத்தவன் என்று மதிப்பு. மற்றது என்றால் என்ன நினைப்பார்களோ.

2025 பிறந்தது. அந்த ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மாறியது. 2014 தொடங்கிப் பதினோரு வருஷமாக வெள்ளி, சனி என்றிருந்தது மறுபடி சனி, ஞாயிறு ஆனது. மாநிலம் முழுக்க எல்லோரும் இதையேதான் பேசினார்கள். மகள் வழக்கமாக வியாழன் இரவு வருவாள். இனி வெள்ளி இரவுதான் வருவேன் என்று அவள் சொன்னதற்கு நான் தலையாட்டியும் இருக்கிறேன். ஆனாலும் 2ஆம் தேதி வியாழக்கிழமை கோழி வாங்கி வந்து, இரவு பத்து மணிவரை வாசல் விளக்கைப் போட்டுவைத்துக் காத்திருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கோழியைக் கழுவி உறைபெட்டியில் வைத்தாள். நாலு பேர் வாழ்க்கையில் ஒரு நாள் இடம் மாறியதைக்கூடக் கவனிக்காதவன், தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டிருப்பதாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

அதற்கடுத்த வாரம் மழை பிடித்தது. 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கி விடாமல் கொட்டியது. ஜொகூரில் பல மாவட்டங்களில் வெள்ளம். எங்கள் தாமானில் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் வாசலைத் தாண்டி யாரும் போகவில்லை. 12ஆம் தேதி ஞாயிறு இரவு பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து மூன்று நாளையும் சேர்த்து நிரப்பினேன். ‘20 நிமிடம் நடந்தேன். முன் 5, பின் 6.’ மூன்று நாளுக்கும். பள்ளம் வைக்கக்கூட மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை மனைவி மேசை துடைக்கும்போது நோட்டைப் பார்த்திருக்கிறாள். அவள் அதைப் படித்தது அதுதான் முதல் தடவையா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் வரவில்லை. கையில் துணியோடு வந்து நின்றாள்.

“என்னங்க, சனிக்கிழமை நடக்கப் போனீங்களா?”

“எந்தச் சனிக்கிழமை?”

“வெள்ளத்துல மாட்டுன மாட்டை டிவியில காட்டினாங்களே, அந்தச் சனிக்கிழமை.”

நான் பேசாமல் இருந்தேன். அவள் வாசல் பக்கம் போய் என் நடைச் செருப்பை எடுத்து வந்து மேசை மேல், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆகஸ்டில் வாங்கியது. அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு பாதி அப்படியே இருந்தது. கோபித்துக்கொண்டாளா என்றால் இல்லை. “கோப்பி ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கணக்குப் புத்தகத்தில் தப்பு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து, கீழே உள்ளது தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய கிராணியார் சொன்னது. அன்றைக்குச் சிவப்புப் பேனா எடுத்து உட்கார்ந்தேன். ஆகஸ்டு 12 முதல் ஜனவரி 12 வரை 154 நாள். பொய்யான ஒவ்வொரு நாளுக்கும் கோடு, கையொப்பம். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியவில்லை. கடைசியில் கோடு விழாமல் நின்றவை 38.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த 38இல் நடை சம்பந்தப்பட்டது ஏழோ எட்டோதான். மற்றவை, நோட்டில் ஏதாவது எழுதவேண்டுமே என்று ஓரத்தில் கிறுக்கி வைத்தவை. மனைவி அரைத்த மருதாணிக்கு இலை பறித்துக் கொடுத்தது. கோப்பியை முன் அறையில் குடிக்காமல் பின்படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பையனின் சைக்கிள் சங்கிலியை மாட்டிக் கொடுத்தது. மழித்துக்கொண்டு இரவுச் சந்தைக்குப் போனது. இவற்றின் எண்களை நான் சமைக்கவில்லை, சமைக்கத் தோன்றவும் இல்லை. 4 இருந்தது 5 ஆனது, 3 இருந்தது 5 ஆனது. பின்படிக்கட்டுக் கோப்பி ஆறு தடவை வந்திருந்தது, ஆறு தடவையும் ஏறியிருந்தது. திடல் ஓரம் காடி நிறுத்திப் படுத்துக் கிடந்த நாட்களில், எனக்கு வேண்டிய மருந்து சமையலறைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. சட்டை மாட்டி, ஊர் பார்க்கச் செய்யும் காரியத்தைத்தான் நான் ‘காரியம்’ என்று எண்ணியிருந்தேன்.

சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டே போனதில் இன்னொரு புத்தகமும் ஞாபகம் வந்தது. 1994ஆம் வருஷச் செக்ரோல். உரம் போடும் கூட்டத்தில் ஓர் அக்கா, என்னைவிடச் சில வயது மூத்தவர். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்தார். பெரட்டு முடிந்து அரைமணி நேரமாகியிருந்தது. அன்றைக்கு அவருக்குக் கொடுத்த உரமூட்டை அத்தனையும் மற்றவர்களோடு சேர்ந்து முடித்துவிட்டார். தண்டல் என்னிடம், “முழுப் பேரு போட்டுடுங்க” என்றார். நான் அரைப்பேர் போட்டேன். சட்டம் அது. மேலாளர் புத்தகத்தைப் பார்த்தால் என் கண்டிப்பைப் பார்க்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. சம்பள நாளில் அவர் ஜன்னலருகே நின்று சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முழு வேலை செய்தவருக்கு அரை. ஒன்றும் செய்யாமல் காடியில் படுத்திருந்தவனுக்கு, ஐந்து மாதம், முழுசு.

அடுத்த சந்திப்பில் சிவப்புக்கோட்டு நோட்டை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் புரட்டினார். பொய் ஏன் சொன்னீர்கள் என்று கேட்பார் என மலாயில் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு: “அந்தப் பின்படிக்கட்டு எந்தத் திசையைப் பார்த்திருக்கு?” கிழக்கு என்றேன். சரி, நடையை விடுங்கள், தினமும் அங்கே உட்கார்ந்து கோப்பி குடியுங்கள், அது போதும் என்றார். எண் போடவேண்டாம், ஆம், இல்லை மட்டும். மாத்திரையை நிறுத்தவேண்டாம், இதுவும் அதுவும் சேர்ந்தே நடக்கட்டும் என்றார். மனசு ரொம்பக் கீழே போனால் 15555க்கு அடிக்கச் சொன்னார். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் என்ற தொலைபேசி உதவி எண் அது. நான் இதுவரை அடித்ததில்லை, ஆனால் போனில் சேமித்து வைத்திருக்கிறேன். என்ன பெயரில் சேமித்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

கிழக்கு என்ற சங்கதி தற்செயல் இல்லை. காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது, தூக்கமும் அதனால் சீர்படுகிறது. இங்கே அந்த வெளிச்சமே தாமதம். 1982 ஜனவரி முதல் தேதி, சபா சரவாக்கோடு ஒத்துப்போகத் தீபகற்பத்தின் மணியை அரைமணி முன்னால் தள்ளிவைத்தார்கள். எனக்கு அப்போது பதினெட்டு. பால்மரம் சீவப் போகும் அப்பா, “மணியை மாத்திப்புட்டானுங்க, சூரியனை மாத்த முடியலையே” என்று சாகும்வரை பழைய மணியையும் ஒரு கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மணி மாற்றத்தால்தான் ஜொகூரில் ஏழு மணியை ஒட்டி விடிகிறது. நாலரைக்கு விழித்து, இருட்டில் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சூரியன் வரும் நேரம் பார்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் நான்.

இப்போது போன் முன் அறையில் தூங்குகிறது. விழிப்பு நாலரைக்குத்தான், அது மாறவில்லை, ஆனால் ஆறரைக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். பழக்கம் வர 21 நாள் போதும் என்று நானே பதினொரு குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அது அப்படியில்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னச் செயல் தானாக நடக்குமளவு படிவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்பது கணிப்பு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நாள் விட்டதை மறைக்கத்தானே நான் அடுத்த நாளும் பொய் எழுதினேன்.

குணமாகிவிட்டேனா என்றால், போன மாதம் ஒன்பது நாள் ‘இல்லை’ என்று விழுந்திருக்கிறது. சிநேகிதரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அப்ப நான்தான் மொதல்ல செஞ்சேனா?” என்று கேட்டார். பெருமையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். மாத்திரையைப் பற்றி மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த அக்காவைப் போன மாதம் இரவுச் சந்தையில் பார்த்தேன். எழுபது நெருங்கியிருக்கும். கங்கோங் கட்டு ஒன்றை எடுத்துத் தண்டை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, “கிராணியாரே, நல்லா இருக்கீங்களா?” என்றார். வாய் வழக்கம்போல ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லப் போனது. அதை விழுங்கிக்கொண்டு, “சுமாராத்தான் இருக்கேன் அக்கா” என்றேன். பிறகு, சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது. தொண்ணூற்று நாலில் ஒரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சல், நீங்கள் முழு வேலை செய்தும் நான் அரைப்பேர் போட்டேன், அது தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கங்கோங்கைக் கூடையில் வைத்துவிட்டு யோசித்தார். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கும் முகம். என் மேல் வருத்தமோ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை.

“எந்த அரைப்பேரைச் சொல்றீங்க?” என்றார். “எனக்கு எத்தனையோ போட்டிருக்கீங்களே.”

நான் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.